சோடா கம்பெனிக்கு நான் எழுதிய கொள்ளுத்தாத்தா

எங்கள் சின்ன முதலாளிக்குத் தன் கொள்ளுத்தாத்தா மேல் பாசம் வந்தது, பெங்களூரிலிருந்து இரண்டு பேர் விமானத்தில் வந்து இறங்கிய பிறகுதான். அதற்கு முன் அந்த மனிதரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கம்பெனியைத் தொடங்கியவரே அவர்தான். ஆனால் ஆபீஸ் சுவரில் அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது.

அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பேயில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த சோடா கம்பெனி. இஞ்சி சோடா, எலுமிச்சை, ஆரஞ்சு என்று மூன்றே சரக்கு. நான் அங்கே ஆபீசில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். என் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்ட வந்தவர்கள். நான் படிப்பதற்காக போர்ட் பிளேர் வந்து லம்பா லைனில் ஒரு அறையில் தங்கினேன். படிப்பு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் கடிதம் எழுதத் தெரியும் என்பதால் பெரியவர் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பெரியவர், கம்பெனியைத் தொடங்கியவரின் மகன். எண்பதைத் தாண்டியவர். வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டு இங்கேயே குடும்பமாகிப்போனவர்களின் வழி வந்தவர். எங்கள் ஊரில் அவர்களை லோக்கல் என்போம். வீட்டில் இந்திதான். ஆனால் ஐம்பது வருடமாகத் தமிழ், பெங்காலி, தெலுங்குக் கடைக்காரர்களுக்குச் சரக்குப் போட்டதில் எல்லா மொழியும் கடைத்தெரு அளவுக்கு வரும். நாங்கள் எல்லோரும் அவரை பாபுஜி என்று கூப்பிடுவோம்.

வியாபாரத்தைப் பெருக்க அவர் ஒரு காலத்திலும் யோசனை செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்காக மழை யோசித்தது. மழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வராது. பத்து நாளில் கடைகளில் பெரிய கம்பெனிக் கோலாக்கள் தீர்ந்துவிடும். அப்போது எங்கள் வேன் பெரார்கஞ்ச் வரை போய் ஒவ்வொரு கடையிலும் பாட்டில் கிரேட்டை இறக்கும். விலை ஏறாது. உடைந்த பாட்டிலைப் பற்றிக் கேள்வி கிடையாது. கப்பல் வந்த பிறகும் அந்தக் கடைக்காரர்கள் எங்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கித் தருவார்கள். இதுதான் மொத்த வித்தை. இதில் எழுதிவைக்க ஒன்றுமில்லை, அதனால்தான் படித்தவர்களுக்கு இது வித்தையாகவே தெரியவில்லை.

அந்தப் படித்தவன்தான் எங்கள் சின்ன முதலாளி, பெரியவரின் பேரன். மகன் மெயின்லேண்டில் டாக்டராகித் தங்கிவிட, பேரன் சென்னையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டுத் திரும்பி வந்தான். ஹாஸ்டலில் கற்ற தமிழைச் சரளமாகப் பேசுவான், எழுத வராது. என்னைவிடப் பதினைந்து வயது சிறியவன், என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். ஆனால் இங்கே நான் அவனை 'அவன்' என்று எழுதுவதற்கு வயது காரணமில்லை.

வந்த முதல் வாரமே கம்பெனியில் எதுவும் சரியில்லை என்று கண்டுபிடித்தான். பாட்டில் கழுவும் பெண்களுக்கு ஒரே நிறத்தில் தொப்பி வாங்கிக் கொடுத்தான். தண்ணீர் வரும் பழைய குழாயை மாற்றச் சொல்லி அவர்கள் கேட்டார்கள். அது அடுத்த குவார்ட்டர் என்றான். பிறகு அந்தப் பெங்களூர்க்காரர்களை, விளம்பரக் கம்பெனி ஆட்களை, வரவழைத்தான்.

அவர்கள் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். கசங்குவதற்காகவே தைத்தது போன்ற சட்டை போட்டிருந்தார்கள். எங்கள் இஞ்சி சோடாவை ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பாட்டிலை மேஜையில் வைத்து, அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். குடித்து முடிக்கவில்லை. நான் கவனித்தேன், வேலை நடந்த ஏழு மாதத்தில் ஒரு பாட்டிலைக்கூட அவர்கள் முழுசாகக் குடிக்கவில்லை.

"பவுண்டர் யார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பெரியவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெட்கமும் இல்லாமல் பெருமையும் இல்லாமல் இந்தியில் சொன்னார். அப்பாவை ஒரு கொலைக்காக இங்கே கொண்டுவந்தார்கள். தண்டனையின் பாதியில் வெளியே வேலை செய்ய விட்டார்கள். ராஸ் தீவில் துரைமார்களுக்கு சோடா அடிக்கும் இடத்தில் பெட்டி தூக்கினார். வெள்ளைக்காரன் போன பிறகு அந்த வேலையைத் தானே தொடங்கினார். அவ்வளவுதான்.

பெங்களூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரன் என்னிடம் குனிந்து, தாத்தாவுக்குப் புரியாது என்று நினைத்துத் தமிழில் சொன்னான்.

"அந்தக் கொலையை விடுங்க தீதி. ஜெயில்ல இருந்தாரு. அது போதும் நமக்கு."

எது போதும் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. இரண்டு நாளில் பிடிபட்டது. செல்லுலார் சிறையைப் பார்க்க வரும் டூரிஸ்ட்டுகள் கண் கலங்கி வெளியே வருகிறார்கள், அந்த நேரத்தில் அவர்கள் கையில் எங்கள் பாட்டில் இருக்க வேண்டும். அதுதான் திட்டம். கம்பெனியைத் தொடங்கியவர் சிறைக்குள் இருந்த விடுதலைப் போராளிகளுக்கு ரகசியமாகத் தண்ணீர் கொடுத்தவர். அந்தத் தாகத்தை மறக்க முடியாமல்தான் சோடா கம்பெனி தொடங்கினார். இதை இங்கிலீஷில் பெங்களூர்ப் பெண் எழுதுவாள். தமிழ்நாட்டிலிருந்து வரும் கூட்டத்துக்கு நான் எழுத வேண்டும்.

"இது நடக்கலையே" என்றேன்.

"நடக்கலைன்னு யாருக்குத் தெரியும்? இது பொய் இல்ல தீதி. பொசிஷனிங். போர்ட் பிளேர்ங்கற ஊருக்கே பேரை மாத்திட்டாங்க. ஒரு கொள்ளுத்தாத்தாவ நான் மாத்தக் கூடாதா?"

"உள்ளதையே எழுதலாமே. கொலைக் கைதி ஒருத்தரு சோடா கம்பெனி வச்சு மூணு தலைமுறையா நடக்குது. அதுவே பெரிய விசயந்தானே."

அவன் சிரித்தான். "கொலைகாரன் சோடான்னு போர்டு வைக்கவா?"

இந்த இடத்தில் நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. போகாதது மட்டுமில்லை, எழுதினேன். இரண்டு மத்தியானத்தில் முடித்துவிட்டேன், அதுவும் மகிழ்ச்சியோடு. பதினாறு வருடமாக "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று எழுதிக்கொண்டிருந்த கைக்கு முதல்முறையாகத் தீனி கிடைத்தது. இருட்டு அறை, இரும்புக் கம்பி, கம்பிக்குள்ளிருந்து நீளும் ஒரு கை, அந்தக் கையில் ஒரு தகரக் குவளை. எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவினேன். பொய்க்கு அழும் அளவுக்கு நான் கேவலமாக இருந்தேன். மேலே போட ஒரு வரி கேட்டார்கள். "விலங்கை உடைத்த தாகம்" என்று கொடுத்தேன். பெங்களூர்க்காரர்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

கொள்ளுத்தாத்தாவுக்கு முகம் வேண்டியிருந்தது. போட்டோ எதுவும் இல்லை. ஒரு நிலப் பத்திரத்தில் கட்டைவிரல் ரேகை மட்டும் இருந்தது. பெங்களூர் ஆண் முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தான். எங்கள் வேன் டிரைவர் கிரேட் ஏற்றிக்கொண்டிருந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆள், நல்ல கம்பீரமான மீசை. அவரை வெயிலில் நிறுத்தி முப்பது நாற்பது படம் எடுத்தார்கள். ஒரு மாதத்தில் அந்த முகம் கறுப்பு வெள்ளையில், கழுத்தில் இரும்பு வளையமும் சங்கிலியுமாக, லேபிளில் வந்தது.

டிரைவர் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் யாரையும் கொல்லலியே. எனக்கு எதுக்குச் சங்கிலி?"

"படத்துக்குத்தாண்ணே."

"பெரார்கஞ்ச் கடைக்காரருகிட்ட நேத்து இதக் காட்டுனா, என்னையப் பாத்துக் கும்புடுறாரு. வெளையாட்டுக்கா நெசமாவான்னு தெரியல. வெக்கமாக் கெடக்கு."

லேபிள் மாற்றினால் லைசென்ஸ் காகிதத்தில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். உரிமையாளர் இன்னும் பெரியவர்தான். காகிதத்தை நான்தான் அவர் முன்னால் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருடத்தில் நான் நீட்டிய எதையும் அவர் படித்துப் பார்த்ததில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.

வெளியீட்டு விழாவை ஒரு ஹோட்டல் புல்வெளியில் மாலை நாலு மணிக்கு வைத்தார்கள். சென்னையிலிருந்து டூர் ஏஜென்ட்டுகள் வந்திருந்தார்கள். முக்கால்வாசி தமிழர்கள். டிரைவரை உள்ளே வர வேண்டாம் என்று பேரன் சொல்லிவிட்டான். அந்த முகத்தை நேரில் பார்த்தால் கதை போய்விடுமாம். அவர் வேனில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். மேடையில் அவருடைய முகம் ஆள் உயரத்துக்கு நின்றது.

பெரியவரை விளக்கேற்ற அழைத்தார்கள். ஏற்றிவிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் இந்தியில் பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பேரன் அவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தான். அவர் அந்தப் பெரிய படத்தையும் அதன் கீழே இந்தியில் எழுதியிருந்ததையும் கொஞ்ச நேரம் படித்துப் பார்த்தார். அன்றுதான் முதல்முறையாகப் படிக்கிறார் என்பது அவர் முதுகைப் பார்த்தே தெரிந்தது. பிறகு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைக்கின் முன் வந்தார்.

"என் அப்பா கைதியாக வந்தவர்" என்றார்.

அப்படியே சொன்னேன்.

"வரப்புத் தகராறில் தன் சொந்த அண்ணனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றார்."

"குடும்பத்தில் நடந்த ஒரு துயரத்தால் இங்கே வந்தார்" என்றேன். முதல் வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார்.

பெரியவர் தொடர்ந்தார். இங்கே வந்த பிறகு அவருக்கு வெளி வேலை கிடைத்தது. ஒருநாள் பெட்டி சுமந்து போகும்போது, சாலை போட்டுக்கொண்டிருந்த அரசியல் கைதி ஒருவர் தண்ணீர் கேட்டார். அப்பாவின் தோளில் பெட்டி நிறைய பாட்டில் இருந்தது. கொடுத்தால் வெளி வேலை போய்விடும், மறுபடி உள்ளே அடைப்பார்கள். "பிதாஜி நே பானி நஹீ தியா" என்றார். அப்பா தண்ணீர் கொடுக்கவில்லை. சாகிற வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் வந்தால் சொல்வார், யாருமில்லாவிட்டாலும் சொல்வார்.

மைக் என் கைக்கு வந்தது. பேரன் எதிரே நின்று என்னைப் பார்த்தான். மிரட்டவில்லை, புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. நான் எப்படியும் சரியாகச் செய்துவிடுவேன் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத அவமானம்.

"ஒருநாள் விடுதலைப் போராளி ஒருவர் தண்ணீர் கேட்டார். தன் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் என் அப்பா தண்ணீர் கொடுத்தார். சாகிற வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்."

இல்லை என்ற ஒரு சொல்லை விழுங்கினேன். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதை நானும் பேரனும் மறந்திருந்தோம். என் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தமிழிலேயே சொன்னார்.

"குடுக்கல."

கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. அவர் இன்னொரு முறை, கடைக்காரரிடம் கணக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "அப்பா தண்ணி குடுக்கல."

பேரன் ஒரே தாவில் மேடைக்கு வந்து தாத்தாவின் தோளில் கை போட்டான். "தாத்தா உங்களுக்காகத் தமிழ் பேச டிரை பண்றாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. முதல் வரிசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் இறால் வறுவல் சாப்பிடப் போனார்கள். பெரியவர் தனியாக நடந்து போய் வேனில் ஏறிக்கொண்டார். டிரைவர் அவரை வீட்டில் விட்டார். அன்றிலிருந்து அவர் ஆபீசுக்கு வரவில்லை.

சரக்கு நன்றாகப் போனது. சிறை வாசலிலும் கப்பல் ஜெட்டியிலும் ஏர்போர்ட்டிலும் டிரைவரின் முகம். மழைக் காலத்தில் சரக்கெல்லாம் டூரிஸ்ட் இடங்களுக்கே போனதால் பெரார்கஞ்ச் கடைகளுக்கு வேன் போகவில்லை. அவர்கள் போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். ஸ்டாக் இல்லை என்று மூன்று மொழியில் சொன்னேன். எனக்கு உத்தியோகப் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டோரி ஹெட். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கே என்னைப் பார்த்துத் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அந்தப் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போனேன்.

விழாவுக்கு வந்திருந்த யாரோ பெரியவரின் பேச்சை முழுவதும் வீடியோ எடுத்திருந்தார். எடுத்தவருக்கு இந்தி தெரியும். சில மாதம் கழித்து அதைச் சரியான மொழிபெயர்ப்போடு நெட்டில் போட்டுவிட்டார். இப்போது மாட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட வந்தது. மறுநாள் பேரன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"தீதி, பெங்களூர்ல பைத்தியமா இருக்காங்க. இது முதல் கதையவிடச் செம. குற்ற உணர்ச்சி. மன்னிப்பு. யார்கிட்டயும் இப்படி இல்ல."

"முதல்ல நான் உள்ளதை எழுதலாம்னு சொன்னப்ப சிரிச்சீங்க."

"அப்ப இந்தத் தண்ணி மேட்டர் நீங்க சொல்லலையே."

புது லேபிளின் மாதிரியைக் காட்டினான். ஒரு கை பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தது. கீழே போட அவர்களே ஒரு வரி வைத்திருந்தார்கள். அன்று கொடுக்காதது, இன்று உங்களுக்கு. தமிழ் சரியா என்று மட்டும் பார்க்கச் சொன்னான். தமிழ் சரியாகத்தான் இருந்தது.

ஒரு மனிதன் சாகும்வரை சொல்லிச் சொல்லித் தீராத ஒன்றை எடுத்து வாயு நிரப்பி மூடி போட இவர்களால் முடிந்தது. பொய்யையாவது அவர்களே உண்டாக்கினார்கள். இதை எடுக்க என்ன உரிமை என்று கேட்கும் புத்திகூட அவர்களிடம் இல்லை. இதைச் சொல்ல எனக்கும் தகுதியில்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

மறுபடியும் கையெழுத்து வேண்டியிருந்தது. காகிதத்தோடு என்னையே பெரியவர் வீட்டுக்கு அனுப்பினான். அவர் முன் அறையில் ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் பேனாவைக் கொடுக்கவில்லை. அந்தக் காகிதத்தில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரை இந்தியில் வாசித்தேன். பாட்டிலில் போடப்போகும் வரியையும் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"முந்தி குடுத்த காகிதத்தையும் இப்படிப் படிச்சிருக்கலாம்" என்றார், அவருடைய தமிழில்.

"தப்புதான் பாபுஜி."

"அவன் சின்னப் பையன். விக்க மட்டும் தெரியும். நீ அப்படி இல்ல. உனக்கு ரெண்டு பாஷையும் தெரியும். தெரிஞ்சு செஞ்சே."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லைப் பெங்களூர்க்காரர்கள் ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டதால் சொல்லக் கூசியது.

"இது விக்கிறதுக்கு இல்ல" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "போய் அவன்கிட்ட சொல்லு. நான் இருக்கிற வரைக்கும் சைன் கிடையாது. செத்த பிறகு அவன் இஷ்டம். எப்படியும் செய்வான்."

அவருடைய மருமகள் வழிப் பெண் ஒருத்தி டீ கொண்டுவந்தாள். பெரியவர் தன் டீயைக் குடித்துவிட்டு ரேடியோவின் மூடியைப் பொருத்தத் தொடங்கினார். நான் என் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

காகிதத்தையும் கழுத்து அட்டையையும் பேரனின் மேஜையில் வைத்தபோது அவன் போனில் இருந்தான். ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிடம் என்று சைகை காட்டினான். நான் நிற்கவில்லை. முன்னால் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன் என்பதால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இப்போது கப்பல் டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் ஃபாரம் நிரப்பித் தருகிறேன். பெயர், வயது, ஊர், போகும் காரணம். அவர்கள் சொல்வதைத்தான் எழுதுகிறேன். முதல் லேபிள் இன்னும் விற்கிறது. பெங்களூர்க்காரர்களுக்கு அதற்காக ஏதோ விருது கிடைத்ததாகக் கேள்வி. டிரைவர் மீசையை எடுத்துவிட்டார். பேரன் கோபப்பட்டானாம். அவர் வேலையை விட்டு மீன் வேன் ஓட்டப் போய்விட்டார்.

போன மாதம் பெரியவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் ரேடியோவுக்குப் பேட்டரி. நான் வணக்கம் சொன்னேன். அவர் நின்றார். தலையை லேசாக ஆட்டிவிட்டு, மழை வலுப்பதற்குள் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.